உள்ளூராட்சி மன்ற இணையத்தளமும் வலுவிழந்தோரும்: இரத்தினபுரித் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அரச இயந்திரத்தின் படிநிலையில் உள்ளூராட்சி மன்றம் மிகத் தாழ்ந்த படியிலுள்ளது. மக்களுக்கு மிக அண்மையில் உள்ளதும் அதுவே. வீதி விளக்கு, குடிநீர், கழிவகற்றல், பொது நூலகம், மயானம், சோலைவரி, கட்டட அனுமதி, வியாபார உரிமம் ஆகிய அன்றாட அலுவல்கள் அதன் பொறுப்பிலுள்ளன. இவ்வலுவல்களுக்கான அறிவித்தல்களும் படிவங்களும் படிப்படியாக இணையத்தளத்திற்கு இடம்பெயர்ந்து வருகின்றன. இவ்விடப்பெயர்வு வலுவிழந்தோருக்கு, குறிப்பாகச் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறங்களில் வாழும் தமிழ் பேசும் வலுவிழந்தோருக்கு, கதவைத் திறக்கின்றதா அன்றி மூடுகின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தனியொரு சபையின் தளத்தைக் குற்றங்காண்பது எமது நோக்கமன்று. அரச இணையத்தளங்கள் அமைக்கப்படும்போது பொதுவாக நேரும் குறைகளையும் அவற்றின் காரணங்களையுமே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. இரத்தினபுரி மாவட்டத்தில் இரத்தினபுரி மாநகர சபையும், பலாங்கொடை, எம்பிலிப்பிட்டிய ஆகிய நகர சபைகளும், அவற்றோடு பிரதேச சபைகளும் இயங்குகின்றன. மாவட்ட மக்கள் தொகையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர் தமிழர். அவருட் பெரும்பாலோர் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, பெல்மதுளை, நிவித்திகலை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களோடு தொடர்புடையவர். நுவரெலியாவிலே போன்று இவர்கள் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தீவுகளாகச் சிதறியுள்ளனர். சபையிலே இவர்களின் குரல் மெலிந்திருப்பதற்கும், சபை அலுவலகத்திலே தமிழறிந்த எழுதுவினைஞரைக் காண்பது அரிதாயிருப்பதற்கும் இச்சிதறலே முதற்காரணம் எனலாம்.

இம்மக்களுக்கும் உள்ளூராட்சிக்கும் இடையிலான உறவின் வரலாறு விலக்கலின் வரலாறாகும். கிராமச் சபைகளின் காலந்தொட்டே தோட்டக் குடியிருப்பு சபையின் எல்லைக்குள் இருந்தும் இல்லாததாகவே கருதப்பட்டு வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது; அதன் தொடர்ச்சியாக வாக்குரிமையும் பறிபோனது. எஞ்சிய நாடற்றோர் தொடர்பான சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் வாக்குரிமை மீண்ட பின்னரும் சபையின் பணம் தோட்டத்திற்குள் நுழையவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு அதற்குத் தடையாய் நின்றது. தோட்டத்து வீதியும் கிணறும் நிர்வாகத்தின் பொறுப்பென்பதே அன்று நிலவிய கருத்து. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குச் சென்ற உறுப்பினர், வென்றபின் அவ்வீதியைச் செப்பனிடச் சட்டம் இடந்தராது எனக் கையை விரித்த விசித்திரம் முப்பது ஆண்டுகள் நீடித்தது. 2018 ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட திருத்தமே தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபைகள் சேவை வழங்க வழிசெய்தது.

காலப்பொருத்தம் இங்கு மனங்கொள்ளத்தக்கது. தோட்ட மக்களுக்குச் சபையின் கதவு சட்டப்படி திறக்கப்பட்ட அதே காலப்பகுதியிலேதான் அக்கதவு கட்டடத்திலிருந்து திரைக்கு மாறத் தொடங்கியது. லயத்திலிருந்து நகரத்திலுள்ள சபைக்குப் போய் வருவதென்பது, கால் நடக்கமுடிந்தவருக்கே ஒருநாட் சம்பளத்தை இழக்கும் பயணமாகும். நடக்கவியலாதவருக்கோ முச்சக்கர வண்டிக் கூலியும் துணைக்கு வருபவரின் ஒருநாட் சம்பளமும் சேர்ந்து மும்மடங்கு இழப்பு. ஆதலின் வீட்டிலிருந்தவாறே கைத்தொலைபேசியிற் படிவத்தை நிரப்ப இயலுமாயின், நாட்டிலே வேறெவரையும்விட அதிக பயனடையக்கூடியவர் தோட்டத்து வலுவிழந்தவரே. அவ்வாறிருந்தும் தளத்தை அமைப்போர் கடைசியாக நினைவுகூர்வதும் அவரையே, பெரும்பாலும் நினைவுகூர்வதுமில்லை.

சட்டம் கூறுவது

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமாகிய மக்களுள் 8.7 சதவீதத்தினர், அதாவது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதேனுமொரு வகையில் இயலாமையுடையோராவர். அவருட் பார்வைக் குறைபாடுடையோரே மிகுதி. இவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வி, தொழில், பொதுக் கட்டடங்களை அணுகுதல் ஆகியவற்றிற் பாரபட்சம் காட்டலாகாது என விதிக்கின்றது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வெளியாயின. அவை ஏட்டளவில் நின்றபோது, சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடினார். பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கமைய வேண்டுமென 2011 ஏப்ரல் 27 ஆம் திகதி நீதிமன்றம் கட்டளையிட்டது. சாய்தளமும் அகன்ற வாயிலும் தயவல்ல, உரிமை என்ற கருத்து எமது நாட்டில் வேரூன்ற அவ்வழக்கு பெரிதும் உதவியது.

ஆயின் அச்சட்டத்தின் மொழி கட்டடத்தின் மொழியாகும். படி, வாயில், மலசலகூடம் ஆகியவற்றை அது அறியும். திரையை அது அறியாது. அவ்விடைவெளியை நிரப்புவது சர்வதேச உடன்படிக்கையாகும். இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. இலங்கை 2007 இல் ஒப்பமிட்டு 2016 பெப்ரவரியில் அதனை உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றோடு தகவல் தொடர்பாடலையும், இணையத்தையும் பெயர்சுட்டி உள்ளடக்குகின்றது. இன்னொரு பக்கத்தில், சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் தமிழிலே தொடர்புகொண்டு தமிழிலேயே பதில்பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை ஒருவருக்கு வழங்குகின்றது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, எழுதவியலாதவர் வாய்மொழியாகக் கோரினால் அதனை எழுத்திலாக்குவது தகவல் அலுவலரின் கடமை என்கின்றது. கல்லாதவரையும் கையிழந்தவரையும் ஒரே வாக்கியத்தால் அரவணைக்கும் இவ்வேற்பாடு எமது சட்டங்களுள் மனிதாபிமானம் மிக்க ஒன்று.

மொழியுரிமையையும் அணுகும் உரிமையையும் வெவ்வேறாகப் பார்ப்பதே எம்மிடையே வழக்கம். முன்னதைப் பேசுவோர் அரசியலாளர். பின்னதைப் பேசுவோர் சமூகசேவையாளர். பார்வையிழந்த தோட்டத்துத் தமிழர் ஒருவரின் நிலையிலிருந்து நோக்குமிடத்து இப்பிரிவினை பொருளற்றதாகின்றது. இதனை விளக்க எழுத்துருவின் கதையைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

எழுத்துருவும் குரலும்

பார்வையற்றவர் கணினியை அல்லது கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் எனப்படும் மென்பொருளின் துணைகொண்டாகும். திரையிலுள்ள எழுத்துக்களை அது குரலாக மாற்றும். புள்ளியெழுத்துக் கருவியோடு இணைத்தால் விரல்நுனிக்கும் தரும். விலைகொடுத்து வாங்கவேண்டிய இத்தகைய மென்பொருள்கள் ஒருகாலத்தில் ஏழை நாட்டவருக்கு எட்டாக்கனியாயிருந்தன. 2006 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞராகிய மைக்கல் கரன் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை ஆக்கத் தொடங்கியதன் பின்னர் இந்நிலை மாறியது. இன்று அது தமிழையும் வாசிக்கும். அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் டோக்பாக் என்ற வசதி உண்டு. அதற்கும் தமிழ்க் குரல் கிடைக்கின்றது. ஆகவே கருவி இல்லையென்ற சாட்டு இனிச் செல்லாது.

குறை பெரும்பாலும் வாசிக்கப்படும் பொருளிலேயே உள்ளது. இலங்கையிலே தமிழ்க் கணினித் தட்டச்சில் நீண்டகாலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. தட்டச்சு இயந்திரப் பழக்கத்தையொட்டி அமைந்த இவ்வெழுத்துருவில், ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலே தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருந்தன. கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினியின் நினைவில் இருப்பதோ ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் எழுதிவைத்தால் கணினி அறிவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. 'இரத்தினபுரி' என்பதோ காற்புள்ளியிலே தொடங்கி யு, ஜே என நீளும். கண்ணுடையவருக்கு இது தெரியவராது. பார்வையற்றவரின் காதிலோ சபையின் அறிவித்தல் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் இரைச்சலாக வந்து விழும். மேலும் 'கொ' என்பதைப் பாமினி கண் காணும் ஒழுங்கில், அதாவது கொம்பு, ககரம், கால் என்ற வரிசையிற் பதிவுசெய்யும். ஒருங்குறியோ மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அதன் பின்னும் வைத்து ஒலியொழுங்கைப் பின்பற்றும். தமிழுக்கு ஒருங்குறியில் 1991 இலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பல ஆண்டுகளின் பின்னரும் அலுவலகங்கள் பாமினியை விடாது பற்றியிருந்தமைக்குக் காரணம், தட்டச்சாளரின் விரற்பழக்கமும் அப்பழக்கத்தை மாற்றப் பயிற்சியளிக்க எவரும் முன்வராமையுமே.

இதனைச் சோதிக்க நிபுணர் வேண்டியதில்லை. தளத்திலுள்ள தமிழ் வாசகமொன்றைத் தெரிவுசெய்து, வெற்று எழுத்துக் கோப்பொன்றில் ஒட்டிப் பார்த்தாற் போதும். தமிழாகவே வந்தால் அது தமிழ். ஆங்கில எழுத்துக்களாகச் சிதறினால் அது தமிழின் படம் மாத்திரமே. எதனையும் தெரிவுசெய்யவே முடியவில்லையாயின், அது தாளை நகலெடுத்து ஏற்றிய வெறும் ஒளிப்படம் என்பது பொருள். இம்மூன்றாவது வகையே மிகக் கொடியது. சிங்களத்தில் தட்டச்சுச் செய்து, ஒப்பமிட்டு, முத்திரையிட்டு, நகலெடுத்து ஏற்றப்படும் சுற்றறிக்கையைத் திரைவாசிப்பானும் வாசிக்கமாட்டாது, மொழிபெயர்ப்பு மென்பொருளும் நேராக எடுத்துக்கொள்ளமாட்டாது, தேடுபொறியும் கண்டெடுக்கமாட்டாது. பார்வையற்ற சிங்களவரும் பார்வையுள்ள தமிழரும் அத்தாளின் முன்னே ஒரே நிலையில் நிற்கின்றனர். பார்வையற்ற தமிழருக்கோ கதவு இருமுறை பூட்டப்படுகின்றது.

எழுத்து ஒருங்குறியில் இருந்தாலும் இன்னொரு தடை எஞ்சும். பக்கம் எம்மொழியிலானது என்பதை அதன் நிரலிலே குறித்தல் வேண்டும். தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி இரண்டெழுத்துக் குறிகள் உள்ளன. அக்குறியைக் கண்டே திரைவாசிப்பான் உரிய குரலைத் தெரிவுசெய்யும். அது இல்லாதவிடத்து ஆங்கிலக் குரல் தமிழெழுத்தை மௌனமாகத் தாண்டிச் செல்லக்கூடும், அல்லது எழுத்தெழுத்தாக உளறக்கூடும். மும்மொழித் தலைப்புகள் ஒரே பக்கத்தில் வரும் எமது நாட்டிலே, பக்கம் முழுவதற்கும் ஒரு குறி போதாது. ஒவ்வொரு மொழிப் பகுதிக்கும் அதற்குரிய குறி வேண்டும். இதற்காகும் செலவு நிரலில் ஒரு சொல். ஆங்கிலத் தளங்களை மாதிரியாக வைத்துப் பழகிய அமைப்பாளர் இதனை மறந்துவிடுவதற்கு, அவர்களின் மாதிரி ஒருமொழிச் சமுதாயத்திலிருந்து வந்தமையே காரணம் என்று கருத இடமுண்டு.

இவ்விடத்தில் வேறொரு பயனையும் சுட்டுதல் பொருத்தமாகும். தோட்டத்துறையின் எழுத்தறிவு வீதம் நகர, கிராமத் துறைகளினதைவிடக் குறைந்தது. பள்ளிக்கூடத்தைக் காணாமலே கொழுந்துக் கூடையைச் சுமந்த தலைமுறையினர் இன்னும் லயங்களில் வாழ்கின்றனர். பார்வையற்றவருக்காக ஒழுங்காக அமைக்கப்பட்ட பக்கத்தை, எழுத்தறியாத மூதாட்டியின் கைத்தொலைபேசியும் உரக்க வாசித்துக் காட்டும். கல்வி மறுக்கப்பட்டமைக்கு இது ஈடாகாது. அம்மறுப்பை நியாயப்படுத்தவும் இதனை எவரும் பயன்படுத்தலாகாது.

ஏனைய தடைகள்

உலக வலைக் கூட்டமைப்பு 1999 இல் வெளியிட்டு, 2008, 2018, 2023 ஆம் ஆண்டுகளிற் புதுக்கிய அணுகுதிறன் வழிகாட்டிகள் இத்துறையின் அடிப்படை நூலாக உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ளன. உள்ளடக்கம் புலன்களால் உணரத்தக்கதாக, இயக்கத்தக்கதாக, விளங்கத்தக்கதாக, பல்வகைக் கருவிகளிலும் நிலைபெறுவதாக இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். படத்துக்கு மாற்றாக எழுத்து விளக்கம் வேண்டும். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இணைக்கப்படல் வேண்டும். சுட்டியைப் பிடிக்கவியலாதவர் விசைப்பலகையால் மட்டும் முழு வேலையையும் முடிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். சாதாரண அளவிலான எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு 4.5 க்கு 1 என்ற விகிதத்திற் குறையலாகாது. தானே அசையும் பகுதி ஐந்து விநாடிக்கு மேல் நீடித்தால் அதனை நிறுத்தும் வழி இருத்தல் வேண்டும் என்பதும் ஒரு விதி. தவிசாளரின் திறப்புவிழாப் படங்கள் முகப்பிலே ஓயாது சுழலும் தளங்களுக்கு இவ்விதி சாலவும் பொருந்தும்.

நிறம் பற்றிய விதி இரத்தினபுரிக்கு உயிர்ப்பிரச்சினையாகும். களு கங்கையின் பெருக்கும் மண்சரிவும் இம்மாவட்டத்தை 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் எவ்வாறு சூறையாடின என்பது யாவரும் அறிந்ததே. அயல் மாவட்டமாகிய கேகாலையின் அரநாயக்கவில் 2016 மே 17 ஆம் திகதி மலைச்சரிவு குடியிருப்புகளையே புதைத்தது. தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளை மூன்று படிகளாக வகுத்துள்ளது. மஞ்சள் விழிப்பாயிருக்கவும், செம்மஞ்சள் வெளியேறத் தயாராகவும், சிவப்பு வெளியேறவும் உரியது. இவ்வெச்சரிக்கையை நிறந்தீட்டிய வரைபடமாக மாத்திரம் ஒரு சபை தன் தளத்தில் மீள வெளியிட்டால், பார்வையற்றவருக்கு அது வெறுமை. நிறக்குருடுடையவருக்கு மஞ்சளும் சிவப்பும் மயக்கம். சரிவான நிலத்தில் அமைந்த லயங்களில், விரைந்தோட இயலாதவரே மற்றெவர்க்கும் முன்னதாக எச்சரிக்கையைப் பெறவேண்டியவர். பிரதேசத்தின் பெயரும் படியின் பெயரும் செய்யவேண்டியதும் மூன்று வரிகளில் மும்மொழியிலும் எழுத்தாக வெளியிடப்படுமாயின், திரைவாசிப்பானும் குறுஞ்செய்தியும் அதனை ஏந்திச்செல்லும்.

செவிப்புலனற்றோரின் நிலை வேறு. முறைப்பாட்டுக்குத் தொலைபேசி இலக்கம் ஒன்றை மட்டும் தந்துவிட்டு நிற்கும் தளம் அவர்களைப் புறந்தள்ளுகின்றது. எழுத்து வழியான தொடர்பும், காணொளிகளுக்கு எழுத்துத் துணைவரியும் அவர்களுக்கு வேண்டியவை. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோருக்குத் தமிழே இரண்டாம் மொழியாதலால், நடை எளிமையாயிருத்தலும் வேண்டும். எமது அலுவலகத் தமிழோ சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டு முறுகிக் கிடக்கின்றது. 'உரிய ஆவணங்கள் விண்ணப்பதாரியினாற் சமர்ப்பிக்கப்படாதவிடத்து விண்ணப்பம் நிராகரிக்கப்படற்பாலதாகும்' என்பதை 'ஆவணங்கள் இல்லாத விண்ணப்பம் ஏற்கப்படாது' என்றெழுதினால் சட்டம் ஒன்றும் கெட்டுவிடாது. (ஆய்வுக் கட்டுரைகளின் நடைக்கும் இவ்வறிவுரை பொருந்தும் என்று வாசகர் முணுமுணுப்பது எமக்குக் கேளாமலில்லை.)

செலவு என்னும் சாட்டு

இவையனைத்தும் செல்வந்த நாடுகளுக்கே இயலும் என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுவது. செல்வந்த நாடொன்றிலும் இதே வாதம் எழுப்பப்பட்டது என்பதை இங்கு நினைவூட்டலாம். 2000 ஆம் ஆண்டுச் சிட்னி ஒலிம்பிக் போட்டியின் இணையத்தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை எனப் பிறவியிலேயே பார்வையற்ற புரூஸ் மகுவையர் என்பவர் அவுஸ்திரேலிய மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டார். படங்களுக்கு மாற்றுரை இல்லை, போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குச் செல்லும் வழியில்லை என்பன அவருடைய முறைப்பாடுகளுட் சில. திருத்தப் பெருஞ்செலவும் நீண்ட காலமும் பிடிக்கும் என்றனர் அமைப்பாளர்; சில வாரங்களே போதுமென்றனர் துறைவல்லோர். 2000 ஆகத்தில் ஆணைக்குழு மகுவையருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தளம் முழுமையாகத் திருத்தப்படாமலே போட்டி முடிந்தமையால் பின்னர் இருபதினாயிரம் டொலர் இழப்பீடும் விதிக்கப்பட்டது. அண்மையில், 2024 ஏப்ரலில், அமெரிக்க நீதித் திணைக்களம் மாநில, உள்ளூராட்சி மன்றங்களின் இணையத்தளங்களுக்கென்றே விதியொன்றை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், அணுகுவசதி பற்றிய விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது, கட்டாயமானவையாக வகுக்கப்படல் வேண்டும் என இந்திய உயர் நீதிமன்றம், ரஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், கூறியது.

செலவு பற்றிய உண்மை யாதெனில், கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துவதே செலவானது என்பதாகும். தளத்தை அமைக்கும் ஒப்பந்தத்தை வழங்கும்போதே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். தமிழ், சிங்கள வாசகங்கள் யாவும் ஒருங்குறியிலும் உரிய மொழிக்குறியோடும் இருத்தல் வேண்டும். நகலெடுத்த தாள் ஏற்றப்பட்டால் அதன் வாசகம் எழுத்தாகவும் உடன்வருதல் வேண்டும். இறுதிக் கொடுப்பனவுக்கு முன்னர் பார்வையற்ற ஒருவர் தமிழிலும் இன்னொருவர் சிங்களத்திலும் ஒரு படிவத்தை முற்றாக நிரப்பிக் காட்டுதல் வேண்டும். மூன்றாவதே முதன்மையானது. தானியங்கிச் சோதனைக் கருவிகள் மாற்றுரை உண்டா என்று பார்க்குமேயன்றி, அம்மாற்றுரை பொருளுடையதா என்று பார்க்கமாட்டா. பாமினியிலே எழுதிய பக்கத்தையும் அவை பிழையற்றதெனச் சான்றுபகர்ந்துவிடக்கூடும். சோதிப்பவருக்கு உரிய கூலியும் கொடுக்கப்படல் வேண்டும். வலுவிழந்தோரின் அறிவை இலவசமாகப் பெறலாம் என்ற எண்ணம் தருமச் சிந்தனையின் எச்சமாகும்.

இணையத்தளம் இருக்கின்றதென்று கூறி அலுவலகத்துச் சாளரத்தை மூடுவதற்கும் இடமளித்தலாகாது. இணைய இணைப்புச் சீரற்ற மலைச்சரிவுகளில், தரவுக்குப் பணமில்லாத மாதக் கடைசியில், திரை மட்டுமே ஒரே வழியாகிவிடின் அது புதியதொரு விலக்கலாகவே முடியும். சபையின் பொது நூலகத்திலே ஒரு கணினியில் இலவசத் திரைவாசிப்பானைத் தமிழ்க் குரலோடு நிறுவி, உதவ ஒருவரை அமர்த்துவது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிவுற்றுச் செயலாளர்களின் ஆளுகையிலிருந்த சபைகளுக்கு 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடைபெற்று, மீண்டும் மக்கட் பிரதிநிதிகள் அமர்ந்துள்ளனர். வரவு செலவுத் திட்டம் ஆண்டுதோறும் அவர்களின் மேசைக்கு வரும். சப்ரகமுவப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதும் இதே மாவட்டத்துப் பெலிஹுல்ஓயாவிலாகும். மாணவர் சிலர் ஒரு பிற்பகலைச் செலவிட்டு, சபைகளின் தமிழ்ப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து ஒட்டிப் பார்த்து, எவை தமிழ், எவை தமிழின் படம் என்று பட்டியலிடலாம். அப்பட்டியலோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு சபைக்கும் ஒரு கேள்வியை அனுப்பலாம்: தளத்தை அமைப்பதற்கான ஒப்பந்தத்தில் மொழி பற்றியும் அணுகுதிறன் பற்றியும் எழுதப்பட்டுள்ள நிபந்தனைகள் யாவை? பதிலைத் தமிழிலே கோரலாம். ஒருங்குறியிலே தருமாறும் கோரலாம்.